வாத்தியார் சம்பளமும் ஊர்ப் பெற்றோரும்: முத்துக்குளித்துறையில் பள்ளி வேலைநிறுத்தத்தின் முன்வரலாறு

தமிழ்நாட்டில் நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தங்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அவற்றை அரசுக்கும் ஆசிரியர் சங்கங்களுக்கும் இடையே நடந்த வழக்காகவே காட்டுகின்றன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் கடலுக்கும் போகிற பெற்றோர் அவ்வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. தூத்துக்குடியை நடுவாகக் கொண்டு வேம்பாறு முதல் மணப்பாட்டுக்குத் தெற்கு வரை நீளும் முத்துக்குளித்துறையில், அதாவது மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களை நம்பி வாழ்ந்த ஊர்களின் கடற்கரையில், இப்புறக்கணிப்பு பழைமையானதன்று. வாத்தியாருக்கு யார், எந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்தார் என்பதை நானூற்றெண்பது ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தால், ஒரு காலத்தில் அச்சம்பளத்தின் ஊற்றாகவே இருந்த பெற்றோர் எவ்வாறு படிப்படியாக விலக்கப்பட்டனர் என்பதும், பள்ளி பூட்டப்படும் நாளில் மட்டும் அவர்கள் ஏன் நினைக்கப்படுகின்றனர் என்பதும் விளங்கும்.

இக்கரையில் ஆசிரியர் ஊதியத்தைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையவை சவேரியாரின் கடிதங்களில் கிடைக்கின்றன. 1535-37 ஆண்டுகளில் பரதவ மக்கள் கிறித்தவ சமயத்தைத் தழுவியபின், 1542இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் பிள்ளைகளுக்குச் செபமும் சமய பாடமும் சொல்லிக்கொடுக்க ஊராருள் ஒருவரை அமர்த்தினார். கணக்கப்பிள்ளை என்று பின்னர் வழங்கப்பட்ட இவர் பாதி உபதேசியாராகவும் பாதி வாத்தியாராகவும் ஊர்க்கணக்கைப் பார்ப்பவராகவும் இருந்தார். இவருக்கான சம்பளம் வந்த வழி கவனிக்கத்தக்கது. முத்துக்குளிப்பு ஊர்கள் போர்ச்சுகல் அரசி கதரினாவின் பாதணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,000 பொற்பணம் செலுத்தி வந்தன. சவேரியார் அரசிக்கு எழுதி, அத்தொகையை இவ்வாத்தியார்களின் சம்பளத்துக்கு விட்டுக்கொடுக்கும்படி கேட்டுப் பெற்றார். அரசியின் பெயரில் வந்த கொடை எனினும், மூச்சை அடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கியவர்கள் செலுத்திய வரியே அது. தங்கள் பிள்ளைகளின் வாத்தியாருக்குத் தாங்களே கொடுத்த பணம் லிஸ்பன் வரை சென்று திரும்பியது என்று கொள்வதில் தவறில்லை. தம் உதவியாளர் மன்சியாசுக்கு 1544இல் எழுதிய கடிதங்களில், வாத்தியார்கள் ஒழுங்காகப் பாடம் சொல்கிறார்களா என்று கவனிக்கும்படி சவேரியார் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் சனிக்கிழமையும் கூடும்படி அவர் வகுத்த ஏற்பாட்டில், கடலுக்குப் போகும் குடும்பங்களின் வேலைநேரத்துக்கு ஏற்பவே போதனை அமைய வேண்டும் என்ற எண்ணம் தெரிகிறது. பிற்காலப் பள்ளி நிர்வாகங்கள் எளிதில் மறந்துவிட்ட எண்ணம் இது.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தபோது இவ்வேற்பாட்டின் பணவழி அடைபட்டது. முத்துக்குளிப்பின் வருவாய் முதலில் டச்சுக் கம்பெனிக்கும் நாயக்கருக்கும், பின்னர் ஆங்கிலக் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்ததே தவிர, அதிலிருந்து வாத்தியாருக்கு ஒதுக்குவது வழக்கமாகத் தொடரவில்லை. கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஊர்களில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. வீட்டுத் திண்ணையிலோ சாவடியிலோ ஒரே ஆசிரியர் மணலில் எழுத்தும், ஓலையில் எண்சுவடியும் கற்பித்த பள்ளிகள் அவை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய விசாரணையின் முடிவாக 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருப்பதாகவும், பிள்ளை ஒன்றுக்கு மாதம் நாலணா முதல் ஆறு அல்லது எட்டணா வரை பெற்றோர் கொடுப்பதாகவும், ஆசிரியர் ஒருவரின் மாத வருவாய் பொதுவாக ஆறேழு ரூபாயைத் தாண்டுவதில்லை என்றும், தகுதியுள்ளோரை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாது என்றும் பதிவு செய்தார். கூலியின் குறைவுக்குக் காரணமாக அவர் சுட்டியவற்றுள் பெற்றோரின் வறுமையும் ஒன்று.

திண்ணைப் பள்ளியில் வேலைநிறுத்தம் என்ற ஒன்று இருந்திருக்க இயலாது, தேவைப்பட்டிருக்கவும் இயலாது. அறுவடைக்கு நெல்லும், பண்டிகைக்கு வேட்டியும், அமாவாசை பௌர்ணமி ஆகிய வாவு நாள்களின் விடுமுறையை ஒட்டிச் சிறு காணிக்கையும் பெற்ற வாத்தியார், ஊரார் கொடுக்கத் தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். அவர் சரியாகக் கற்பிக்கவில்லையென்றால் பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவர். இரு தரப்புக்கும் இடையே அரசோ, மேலாளரோ, சங்கமோ இல்லாததால் மனக்குறை நேருக்கு நேர் பேசித் தீர்க்கப்பட்டது அல்லது பிரிவில் முடிந்தது. இதைப் பொற்காலம் என்று கருத இடமில்லை: நாலணா கொடுக்க முடியாதவரின் பிள்ளைக்கும், ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த பிள்ளைக்கும், பெரும்பாலான பெண்பிள்ளைகளுக்கும் அத்திண்ணையில் இடமில்லை. பெற்றோருக்குப் பேசும் உரிமை இருந்தது. ஆனால் காசும் சாதியும் உள்ள பெற்றோருக்கே இருந்தது.

அந்த வாசலை அகலத் திறந்தவை திருநெல்வேலிச் சீமையின் மிஷன் பள்ளிகள். சாயர்புரத்தில் ஜி.யு. போப், இடையன்குடியில் கால்டுவெல், நாசரேத்தில் மர்காசிஸ் என்று வளர்ந்த அப்பணியின் ஒரு கிளையாக, 1883இல் சாயர்புரத்துக் கல்லூரி தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டுக் கால்டுவெல் பெயரைப் பெற்றது. அதே காலத்தில் கத்தோலிக்கர் தூய சவேரியார் பள்ளியை நிறுவினர். ஒட்டப்பிடாரத்திலிருந்து வந்த வ.உ. சிதம்பரனார் இவ்விரு பள்ளிகளிலும் படித்தவர். 1854ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை வழங்கலாம் என்ற கொள்கையை வகுத்தபின், வாத்தியார் சம்பளத்தில் மூன்றாவது கை ஒன்று நுழைந்தது. அவ்வுதவி சில பத்தாண்டுகள் தேர்ச்சி மானியமாக, அதாவது ஆய்வாளர் வந்து தேர்வு வைத்து எத்தனை பிள்ளைகள் தேறினரோ அத்தனைக்குத் தக்கபடி கணக்கிடப்படும் தொகையாக, இருந்தது. இம்முறையில் வாத்தியாரின் சோறு பெற்றோரின் கையில் வேறொரு விதமாகச் சிக்கியது: ஆய்வாளர் வரும் நாளில் உப்பு வாரவோ வலை இழுக்கவோ பிள்ளையை அழைத்துச் சென்றால் வாத்தியாரின் வருவாயில் ஒரு பங்கு குறையும். ஆகவே ஆய்வுக்கு முந்தைய நாள்களில் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது ஆசிரியத் தொழிலின் பகுதியாயிற்று. பிள்ளை வராததற்கான காரணம் வீட்டின் பசி என்பதை அவ்வாத்தியார்கள் அடுப்பங்கரை வரை போய் அறிந்திருந்தனர்.

தூத்துக்குடிப் பெற்றோர் வேலைநிறுத்தத்தைப் பள்ளியில் கற்கவில்லை, ஆலையில் கற்றனர். 1908 பிப்ரவரி 27 அன்று ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம், வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் கடற்கரைக் கூட்டங்களால் ஊக்கம் பெற்று, ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாக நீடித்துக் கூலி உயர்வையும் விடுமுறை உரிமையையும் பெற்றது. வார விடுமுறையின்றி நெடுநேரம் உழைத்த அத்தொழிலாளரிடையே சிறுவர்களும் இருந்தனர். பள்ளியில் இருந்திருக்க வேண்டிய வயதினர் இயந்திரத்தோரம் நின்ற ஆலையில், விடுமுறைக்கான கோரிக்கை ஒரு வகையில் கல்விக்கான கோரிக்கையாகவும் இருந்தது. இன்னும் முக்கியமானது, அவ்வேலைநிறுத்தத்தை ஊர் எடுத்துக்கொண்ட விதம். வணிகர்களும் வழக்குரைஞர்களும் பணம் திரட்டி வேலையிழந்தோர்க்கு உணவளித்தனர். ஆலைத் தரப்பை ஆதரித்தவர்களுக்கு நாவிதரும் வண்ணாரும் பணி செய்ய மறுத்தனர். மார்ச் 12இல் வ.உ.சி. கைதானபோது ஊரே கடையடைத்தது. வேலையை நிறுத்துவோர் தம் துன்பத்தை அக்கம்பக்கத்தாரிடம் முதலில் சொல்லி, அவர்களின் துணையைப் பெற்றபின் முதலாளியை எதிர்க்க வேண்டும் என்ற வழக்கம் இவ்வூரில் அன்று வேரூன்றியது. பின்னாளில் துறைமுகத்திலும் உப்பளத்திலும் தோணித்துறையிலும் நடந்த போராட்டங்கள் இதே வழியைப் பின்பற்றின.

எனவே, இக்கரையின் பெற்றோர் ஆசிரியர்களின் போராட்டத்தைக் குறைசொல்வது உழைப்பாளரின் உரிமையை அறியாத வெறுப்பினால் என்று கருதுவது பொருந்தாது. அவர்களுடைய மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஆலை நின்றால் நூல் உற்பத்தி நின்று முதலாளியின் இலாபம் குறைகிறது. துறைமுகம் நின்றால் கப்பல் காத்திருந்து தாமதக் கட்டணம் ஏறுகிறது. பள்ளி நின்றாலோ, சம்பளம் கொடுக்கும் அரசுக்கு அன்றைய ஊதியம் மிச்சமாகிறது. இழப்பு முழுவதும் பேச்சுவார்த்தை மேசைக்குத் தொடர்பே இல்லாத ஒரு பிள்ளையின் தலையில் விழுகிறது. இவ்வேறுபாட்டைச் சட்டமும் மறைமுகமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டத்தின்படி, துறைமுகம் போன்ற பொதுப்பயன் சேவையில் வேலைநிறுத்தம் செய்வோர் முன்னறிவிப்புத் தர வேண்டியிருந்தது; அறிவிப்பு வந்ததும் சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைத்துப் பேச வேண்டியிருந்தது. ஆனால், ஆசிரியர்கள் அச்சட்டம் கூறும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளோ வேலைநிறுத்தத்தையே தடை செய்கின்றன. துறைமுகத் தொழிலாளியான தந்தையின் சச்சரவுக்குச் சமரச அலுவலர் உண்டு. அவர் பிள்ளையின் ஆசிரியருக்கு அத்தகைய வழி எதுவும் இல்லை. ஆகவே ஆசிரியரின் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்து, வெடித்தபின் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் நேராகப் போய்விடுகிறது.

ஆசிரியர் ஏன் சங்கம் அமைத்தார் என்பதற்கான விடை, மேலாளர் காலத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உதவிபெறும் பள்ளியின் ஆசிரியருக்கு அரசு மானியம் நேராக வரவில்லை; மேலாளர் என்று அழைக்கப்பட்ட பள்ளி உரிமையாளர் வழியாகவே வந்தது. சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்திட்டு, கையில் வேறொரு தொகையைப் பெறுவது மாகாணம் முழுவதும் பரவலாக அறியப்பட்ட முறைகேடாக இருந்தது. மானியம் தாமதமானால் மாதக்கணக்கில் சம்பளம் இராது. மேலாளரின் மனம் கோணினால் வேலையும் இராது. அத்தகைய வாத்தியார் கடைக்காரரிடம் கடன் சொல்லியும், பனைவெல்லத்துக்கோ கருவாட்டுக்கோ ஈடாகத் திருமண ஓலையும் மனுவும் எழுதிக் கொடுத்தும் காலம் தள்ளினார். பெற்றோர் அவருடைய வறுமையை நன்கு அறிவர். அவரும் அவர்களுடைய வறுமையை அறிவார். சங்கம் இல்லாத காலத்து நல்லுறவு என்று முதியவர்கள் நினைவுகூர்வதில் பாதி, இரு தரப்பும் ஒரே கடையில் கடன் பட்டிருந்ததால் விளைந்த நெருக்கம் என்றே கருத வேண்டும். அந்நெருக்கத்தை மீட்க ஆசிரியரை மீண்டும் வறியவராக்க வேண்டும் என்று யாரும் விரும்ப முடியாது.

விடுதலைக்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. பெற்றோரின் குரல் அரசையே அசைத்த தருணமும் அக்காலத்தில் உண்டு: 1953இல் இராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று கொண்டுவந்த திட்டம், குலக்கல்வி என்று பெயர்பெற்றுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. பள்ளி நேரம் குறைவதை ஏழைப் பெற்றோர் பொறுக்கமாட்டார்கள் என்பதை அரசியலார் அன்று நேரில் கண்டனர். 1955இல் வைப்புநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் இணைத்த முப்பயன் திட்டம் ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்டது. 1956இல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டி, பெற்றோரும் ஊராரும் பலகை, மணி, கட்டடம், தட்டு என்று பொருளாகக் கொடுக்கும்படி செய்தார். சம்பளத்தை அரசு கொடுக்க, சோற்றையும் சுவரையும் ஊர் தாங்க, வாத்தியார் இரண்டுக்கும் நடுவே நின்ற அப்பத்தாண்டுதான் பெற்றோருக்கும் பள்ளிக்கும் இடையிலான உறவு இக்கரையில் மிகச் சீராக இருந்த காலம்.

அதன்பின் வந்த சீர்திருத்தங்கள் ஒவ்வொன்றும் ஆசிரியருக்கு நியாயம் செய்தன. ஒவ்வொன்றிலும் பெற்றோர் ஓரடி பின்னுக்குப் போயினர். 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் மேலாளரின் தான்தோன்றித்தனமான பணிநீக்கத்துக்குத் தடையிட்டது. ஊராட்சி ஒன்றியத் தலைவரின் தயவில் இருந்த ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் அரசு ஊழியர்களாயினர். மேலாளரின் கொடுமையும் ஒன்றியத் தலைவரின் குறுக்கீடும் நீங்கியது பெரும் வெற்றி. ஆனால் அந்த இடத்துக்குப் பெற்றோர் அவை எதுவும் வரவில்லை. ஊதியம், இடமாறுதல், பதவி உயர்வு ஆகிய யாவும் சென்னையில் முடிவாகும் நிலையில், கோரிக்கையும் சென்னையை நோக்கியே எழுந்தது. 1980களின் பிற்பாதியில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஜாக்டீ என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து நடத்திய நீண்ட போராட்டங்கள், குறிப்பாக ஆளுநர் ஆட்சியின்போது 1988இல் நடந்த வேலைநிறுத்தம், மத்திய அரசு ஊழியர்க்கு இணையான ஊதியத்துக்கு வழி திறந்தன. அதன் பயனாக ஆசிரியர் வேலை கடலோர ஊர்களில் பிள்ளைகள் கனவு காணத்தக்க வேலையாயிற்று. மீனவர் வீட்டுப் பெண்கள் பலர் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்றதற்கும் அதுவே காரணம். அதே சமயம், ஆசிரியரின் வருவாய்க்கும் பெற்றோரின் வருவாய்க்கும் இடையே முன்பு இல்லாத இடைவெளி உண்டாயிற்று. ஆசிரியர் நகரில் குடியேறினார். பேருந்தில் வந்து பேருந்தில் திரும்பினார். தம் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளியில் சேர்த்தார்.

இவ்விடைவெளியின் முழு அகலமும் 2003இல் தெரிந்தது. ஓய்வூதியம் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள் தொடங்கிய வேலைநிறுத்தத்தை ஒடுக்க, அரசு 2002ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை (டெஸ்மா) அவசரச் சட்டத்தால் மேலும் கடுமையாக்கி, ஏறத்தாழ 1.7 இலட்சம் ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. ஆகஸ்ட் 6ஆம் நாள், தொழிற்சங்கத் தலைவர் டி.கே. ரங்கராஜன் தொடர்ந்த வழக்கில், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, அறவழிப்பட்ட உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். ஜூலை மாதம் இக்கரைக்கு எத்தகையது என்பதை அத்தீர்ப்போ போராட்ட அறிக்கைகளோ அறிந்திருக்கவில்லை. 2001 முதல் நடைமுறைக்கு வந்த மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது மீன்கள் முட்டையிடும் பருவத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று விதிக்கப்பட்ட கோடை வாரங்களில், படகுத் தொழிலாளரின் வருவாய் நின்று கடன் ஏறிவிடும். அக்கடனோடு ஜூன் மாதம் சீருடையும் நோட்டும் வாங்கிப் பிள்ளையை அனுப்பியபின் நான்கு வாரத்துக்குள் வாத்தியார் இல்லை என்றால், பள்ளி மறுபடி திறக்கும்வரை அப்பிள்ளை கரையில் மீன்கூடை எடுக்கத் தொடங்கியிருக்கும். அவ்வாறு நின்ற பிள்ளையைத் திரும்ப அழைத்துவர வேண்டியவர் அதே வாத்தியார்தான்.

2019 ஜனவரி 22 அன்று ஜாக்டோ-ஜியோ, அதாவது ஆசிரியர் இயக்கங்களும் அரசு ஊழியர் சங்கங்களும் சேர்ந்த கூட்டு நடவடிக்கைக் குழு, தொடங்கிய காலவரையற்ற வேலைநிறுத்தத்தைப் பெற்றோர் நோக்கில் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். கோரிக்கைகளில் முதன்மையானது 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தோர் மீது சுமத்தப்பட்ட பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை நீக்குவது. அடுத்து, 2009 ஜூன் முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்க்கு முந்தையோரின் 8,370 ரூபாய்க்கு மாறாக 5,200 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை ஊதிய முரண்பாட்டைக் களைவது. இவற்றோடு, மாணவர் எண்ணிக்கை குறைந்ததாகக் கூறி ஏறத்தாழ 3,500 பள்ளிகளை இணைப்பதோ மூடுவதோ கூடாது என்ற கோரிக்கையும், 2,381 அங்கன்வாடிகளில் தொடங்கப்பட்ட மழலையர் வகுப்புகளுக்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை மாற்றக் கூடாது என்ற கோரிக்கையும் இருந்தன. கடைசி இரண்டும் ஆசிரியரின் கோரிக்கைகள் மட்டுமல்ல. நலிந்த ஊர்ப்பள்ளியை நம்பியிருக்கும் பெற்றோரின் உயிர்நிலையான கோரிக்கைகள். அவற்றைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கே முதலில் உண்டு. எனினும் ஊர்க் கூட்டம் கூட்டி, பள்ளி மூடப்படப்போகிறது என்று விளக்கி, பெற்றோரை உடன் நிறுத்தும் முயற்சி பரவலாக நடைபெறவில்லை. மறியல் மாவட்டத் தலைநகரில் நடந்தது, பெற்றோரோ பள்ளி வாசலில் நின்றனர்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே உண்டு. ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளை இருவர் பகிர்ந்து நடத்தும் இத்தகைய ஈராசிரியர் பள்ளிகள் உப்பளக் குடியிருப்புகளிலும் தேரிக்காட்டு ஊர்களிலும் மிகுதி. அங்கே ஒருவர் பயிற்சிக்கும் மற்றவர் விடுப்பிலும் போனாலே பள்ளி நின்றுவிடும். இருவரும் வேலைநிறுத்தத்தில் இருந்தால் பூட்டைத் திறக்கவே ஆளில்லை. ஜனவரியில் மழை ஓய்ந்து பாத்திகள் செப்பனிடப்படும் சமயம். உப்பளத் தொழிலாளர் விடியலுக்கு முன்பே வேலைக்குப் போய்விடுவர். பிள்ளை தானாகவே குளித்து, சீருடை மாட்டி, காலை எட்டரைக்குப் பள்ளிக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும்போது வீட்டில் யாரும் இரார். சத்துணவு ஊழியர் சங்கங்களும் கூட்டமைப்பில் இருந்ததால் பல இடங்களில் மதியச் சாப்பாடும் உறுதியில்லாமற் போயிற்று. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பள்ளி உணவை நம்பியிருந்த பிள்ளைகளுக்காகத் தாங்களே முன்கூட்டி உணவுப் பொட்டலங்கள் கட்டி வழங்கினர். ஒன்பது பள்ளி நாள்கள் நீடித்த அப்போராட்டத்தைப் பெற்றோர் ஆதரித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் பிறந்த மாவட்டத்தில் இதற்கு இணையான ஏற்பாடு ஒன்றை எந்தத் தரப்பும் நினைக்காமல் விட்டது வருந்தத்தக்கது.

அரசு பெற்றோரை நினைத்தது வேறொரு காரியத்துக்காக. மார்ச் 1இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கவிருந்த நிலையில், பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை முதலில் 7,500 ரூபாய்க்கும், பின்னர் 10,000 ரூபாய்க்கும் அமர்த்திக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. பயிற்சி முடித்து ஆண்டுக்கணக்கில் வேலைக்குக் காத்திருந்த இளம்பெண்கள் பலர் விண்ணப்பத்தோடு கல்வி அலுவலகங்களில் வரிசையாக நின்றனர். அவர்களும் இதே ஊர்களின் பிள்ளைகள்; அவர்களைப் படிக்கவைத்தவர்களும் இதே பெற்றோர். சம்பளத்தில் எந்த முடிவும் எடுக்க அனுமதிக்கப்படாத பெற்றோர் கழகம், வேலைநிறுத்தத்தை முறிக்கும் கருவியாக மட்டும் அழைக்கப்பட்டதை இவ்வரலாற்றின் கசப்பான இடமாகவே கொள்ள வேண்டும். மாணவர் ஒருவரின் பெயரில் தொடரப்பட்ட வழக்கில் ஜனவரி 25க்குள் திரும்பும்படி சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 17(பி) விதியின்கீழ்க் குறிப்பாணைகள், அதாவது கடும் தண்டனைக்கு இட்டுச் செல்லும் குற்றச்சாட்டு ஆவணங்கள், வழங்கப்பட்டன. ஜனவரி 30இல் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. முதன்மைக் கோரிக்கைகளில் எதுவும் அப்போது நிறைவேறவில்லை. ஒழுங்கு நடவடிக்கைகள் 2021இல் கைவிடப்பட்டன.

அவ்வாறு பேச்சின்றி முடிந்த சச்சரவுக்குப் பெற்றோர் தந்த பதில் எந்த மனுவிலும் எழுதப்படவில்லை. மாற்றுச் சான்றிதழ்ப் பதிவேட்டில் எழுதப்பட்டது. கொஞ்சம் வசதி வந்த குடும்பம் ஜூன் மாதத்தில் சான்றிதழை வாங்கிக்கொண்டு, வாசலுக்கு வேன் வரும் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றுகிறது. ஒரு குடும்பம் போனால் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று ஓர் ஆசிரியர் பணிநிரவலில், அதாவது கூடுதலாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்துக்கு மாற்றும் முறையில், அனுப்பப்படுகிறார். ஆசிரியர் குறைந்தால் அடுத்த குடும்பமும் போகிறது. 2019ஆம் ஆண்டிலேயே மாணவர் ஒருவரும் சேராத நாற்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகங்களாக்க அரசு முடிவெடுத்தது. இத்தேய்வை வேலைநிறுத்தம் உண்டாக்கவில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்புகள், நிரப்பப்படாத பணியிடங்கள், ஆங்கிலத்தின் மீதுள்ள ஏக்கம், குறையும் பிறப்பு வீதம் ஆகியவை உண்டாக்கின. ஆனால், பூட்டிக் கிடந்த ஒன்பது நாள்கள், போகலாமா என்று தயங்கிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு முடிவெடுக்கும் காரணமாயின. கடைசியில் எஞ்சியவை போக வழியில்லாத குடும்பங்கள். அவர்களின் பிள்ளைகளே வேலைநிறுத்தத்தின் விலையை முழுமையாகக் கொடுத்தனர்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவில், அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்றும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் பதிவேட்டளவில் இருந்த இக்குழுக்கள் 2022இல் புதிதாக அமைக்கப்பட்டன. 20 பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் பெற்றோரான பெண் ஒருவர் தலைவரானார். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தாயும் மீன்கூடை சுமக்கும் தாயும் பள்ளியின் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர், ஆசிரியர் பற்றாக்குறை குறித்துத் தீர்மானம் எழுதிக் கையெழுத்திடும் நிலை, திண்ணைப் பள்ளிக் காலத்துக்குப்பின் முதன்முறையாக உண்டாயிற்று; அன்று விலக்கப்பட்டிருந்த சாதியினரும் பெண்களும் இம்முறை உள்ளே இருக்கின்றனர் என்பது அதைவிடப் பெரிய மாற்றம். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும் மானியச் செலவைக் கண்காணிப்பதும் இக்குழுவின் சட்டப்படியான பணிகள். வேலைநிறுத்த அறிவிப்பு வந்தால் அதைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியோ, அரசும் சங்கங்களும் பேசும் மேசையில் அதற்கு ஓர் இருக்கையோ, இழந்த பாடநாள்களை எப்போது ஈடுசெய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரமோ அச்சட்டத்தில் சேர்க்கப்படவில்லை. கோரல் ஆலைத் தொழிலாளர் 1908இல் சட்டம் எதுவும் இன்றியே ஊராரைக் கூட்டித் தம் வழக்கைச் சொன்னார்கள். ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளை தன் அடுத்த கோரிக்கைப் பட்டியலை மேலாண்மைக் குழுவின் மாதக் கூட்டத்தில் முதலில் படித்துக்காட்ட அரசாணை எதுவும் தேவையில்லை.